ஆலோசகரா, சக ஆய்வாளர் குழுவா?

முனைவர் பட்ட ஆய்வின் நடுவே மனம் துவண்டால் யாரிடம் போவது? பல்கலைக்கழக மனநல ஆலோசகரிடமா, சக ஆய்வாளர்கள் கூடிப் பேசும் சிறு குழுவுக்கா?

2018-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் வெளியான கணக்கெடுப்பில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேர் பங்கேற்றார்கள், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்கள். 39 சதவீதம் பேரின் பதில்களில் மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு தெரிந்தது. அதாவது, பக்கத்து மேசையில் இருப்பவருக்கும் இதே பாரம் இருக்கலாம்.

குழுவின் பலமே அதுதான். கட்டுரை மூன்றாம் முறை நிராகரிக்கப்பட்டால் எப்படி இருக்கும், நெறியாளர் வாரக்கணக்கில் பதில் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் அங்கே விளக்க வேண்டியதில்லை. "எனக்கும் அப்படித்தான்" என்று ஒருவர் சொன்னாலே நெஞ்சு லேசாகும். ஆனால் ஒரே துறைக்காரர்கள் என்றால் பேச்சு வெளியே கசியும் பயம் உண்டு. எல்லோருமே களைத்திருக்கும் நாளில் புலம்பல் புலம்பலாகவே நின்றுவிடும்.

ஆலோசகருக்கு ஆய்வு உலகம் அவ்வளவாகப் பழகியிருக்காது, முன்பதிவுக்குக் காத்திருக்கவும் நேரலாம். சரி, இருந்தாலும் ரகசியம் காப்பது அவர் தொழில் நெறி. மனச்சோர்வை அடையாளம் காணும் பயிற்சியும் அவரிடம் உண்டு.

அன்றாடத் தனிமைக்கு நான் குழுவைத்தான் சொல்வேன். தூக்கம், பசி, ஆர்வம் எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்திருந்தால் ஆலோசகரிடம் போங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் முன்பதிவுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள், அன்றே அவசர உதவியை நாடுங்கள்.