கர்ப்பப்பைக் கட்டி: கோளாறு விதைநெல்லிலா, தூரிலா?

எங்கள் மாயவரத்துப் பக்கம் ஒரே குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைத் தசைக் கட்டி) வந்துவிட்டால் போதும், 'பரம்பரை' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார்கள். சித்திக்கு ஒரே கட்டி, ஸ்கேனில் 11 சென்டிமீட்டர். அக்காவுக்குச் சின்னச் சின்னதாக ஐந்தாறு. ரிப்போர்ட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான், ஆனால் மரபணு வரை போய்ப் பார்த்தால் எல்லாக் கட்டியும் ஒரே வழியாக வருவதில்லை.

பெரும்பங்கு மெட்12 மரபணுவின் கணக்கு. 2011-இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 80 பெண்களிடமிருந்து எடுத்த 225 கட்டிகளைச் சோதித்தார்கள், அதில் 159-இல் இந்த மரபணுவில் பிழை. அதுவும் கண்ட இடத்தில் இல்லை, இரண்டாம் எக்ஸான் என்கிற சின்னத் துண்டுக்குள்ளேயே. மெட்12 செய்யும் வேலை நம் ஊரில் மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வேலை மாதிரி: எந்த மரபணு எப்போது ஓட வேண்டும் என்று முறை வைக்கும் புரதக்கூட்டத்தில் அதுவும் ஒரு ஆள். அது முறை தப்பினால் தசைச் செல் பெருகுகிறது, நார்ப்பொருளும் சேர்கிறது. இந்த வகைக் கட்டிகள் பொதுவாகச் சிறியவை, ஒன்றுக்கு மேல் இருக்கும்.

இதற்கு எதிர்க்கட்சி ஹெச்எம்ஜிஏ2. 12-ஆம் குரோமோசோமில் உள்ள மரபணு, கருவில் வளரும்போது வேலை செய்துவிட்டு அப்புறம் அடங்கிப்போகும். குரோமோசோம் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்ளும்போது (பலமுறை 14-ஆம் குரோமோசோமோடு) அது மறுபடி விழித்துக்கொள்கிறது. இங்கே புரதத்தில் பழுதில்லை, வேண்டாத வயதில் அளவுக்கு மீறி உற்பத்தியாவதுதான் வம்பு. ஒற்றையாக, பெரிதாக வளர்வது இதன் போக்கு. ஒரே கட்டியில் இந்த இரண்டும் சேர்ந்திருப்பது அபூர்வம். சித்தியுடையது இதுவாக இருக்குமோ என்று எனக்கு ஒரு ஊகம், ஆனால் அளவை மட்டும் வைத்துச் சத்தியம் செய்ய முடியாது.

சரி, பரம்பரை எங்கே வருகிறது? மேலே சொன்ன இரண்டும் கர்ப்பப்பைத் தசையில் ஏதோ ஒரு செல்லில், வளர்ந்த பிறகு நேர்ந்த பிழைகள். நடவு முடிந்து பச்சை பிடித்த வயலில் ஒரே ஒரு தூர் மட்டும் மாறி நிற்பதைப் போல. மகளுக்குப் போகாது. ஒரே கர்ப்பப்பையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிகளிலேயே வெவ்வேறு மெட்12 பிழைகள் இருக்கும். தாய்க்கோ உடன்பிறந்தவளுக்கோ இருந்தால் வாய்ப்பு கூடும் என்பது உண்மைதான், ஆனால் அது பல மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுக்கும் சாய்வு, இந்தப் பிழை கைமாறுவதல்ல.

விதைநெல்லிலேயே கோளாறு என்று சொல்லத் தகுந்தது மூன்றாவது, எஃப்ஹெச். 1-ஆம் குரோமோசோமில் உள்ள இந்த மரபணு, செல் சக்தி எடுக்கும் வழியில் ஃபியூமரேட்டை மாற்றும் நொதிக்கானது. ஒரு பிரதி பிறவியிலேயே பழுதாக வந்து, மற்றதும் ஒரு செல்லில் போய்விட்டால் ஃபியூமரேட் தேங்கிக் கட்டியாகிறது. இந்தத் தொடர்பை 2002-இல் கண்டுபிடித்தார்கள். எண்ணிக்கையில் இது ரொம்பக் குறைவு, ஆனால் பயப்பட வேண்டியது இதற்குத்தான்: இருபது, முப்பது வயதிலேயே நிறையக் கட்டிகள், தோலில் வலிக்கும் சிறு முடிச்சுகள், சிலருக்குச் சீக்கிரம் பரவும் சிறுநீரகப் புற்றுநோய். பிள்ளைகளுக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு.

எனக்கு முன்னால் இருந்த கேள்வி, அக்கா எதற்குப் பணம் கட்டுவது என்பதுதான். மெட்12-ஆ ஹெச்எம்ஜிஏ2-ஆ என்று தெரிந்து இன்றைக்கு அவள் வைத்தியத்தில் ஒன்றும் மாறப்போவதில்லை, ரத்தப்போக்கு எவ்வளவு, கட்டி எங்கே, வயது என்ன, குழந்தை வேண்டுமா என்பதை வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். அது வீண்செலவு என்பேன். எஃப்ஹெச் அப்படியல்ல. வெட்டியெடுத்த கட்டியைச் சாயமிட்டுப் பார்த்தாலே சந்தேகம் வரும், ஆனால் அந்தக் குறை கட்டிக்குள் மட்டும் வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் ரத்தத்தில் மரபணுச் சோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். உறுதியானால் வருஷா வருஷம் சிறுநீரகத்துக்கு எம்ஆர்ஐ.

எங்கள் வீட்டில் சிறுநீரகப் புற்றுநோய் யாருக்கும் இல்லை, சித்திக்கும் அக்காவுக்கும் கட்டி தெரிந்ததே நாற்பதுக்கு மேல்தான். தோலில் முடிச்சு ஏதாவது உண்டா என்று சித்தியிடம் கேட்டேன். முழங்கையைத் திருப்பிக் காட்டினார். போன வருஷக் கொசுக்கடித் தழும்பு.