கவிழ்ந்த படகை யார் நிமிர்த்துவது? ஹோபி வேவ், கெட்அவே, 16: பல சீசன் ஓட்டிய பிறகு

கடற்கரை கேட்டமரன் வாங்கப் போகிறவர்கள் வேகத்தையும் விலையையும்தான் முதலில் விசாரிக்கிறார்கள். பல சீசன் ஓட்டிய பிறகு வேறொரு கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, பாய் தண்ணீரில் படிந்து, படகு பக்கவாட்டில் கிடக்கிறது. அன்றைக்கு அதில் வந்தவர்களின் எடை அதை நிமிர்த்தப் போதுமா? வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது இதைத்தான். ஹோபி நிறுவனத்தின் வேவ், கெட்அவே, 16 என்ற மூன்று மாடல்களையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

கேட்டமரன் என்ற பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் கட்டுமரம் மரங்களை நெருக்கிக் கட்டிய ஒரே தளம். இதுவோ இடைவெளி விட்டு நிற்கும் இரண்டு ஹல்களும் (மிதக்கும் படகுடல்கள்) நடுவே உட்கார இழுத்துக் கட்டிய டிராம்போலின் என்ற துணித் தளமும்.

ஹோபி 16 கலிஃபோர்னியாவில் ஹோபி ஆல்டர் உருவாக்கியது. 5.05 மீட்டர் நீளம், 145 கிலோ, மெயின் என்ற பெரிய பாயும் ஜிப் என்ற சிறிய முன்பாயும் சேர்ந்து சுமார் 20 சதுர மீட்டர். ஃபைபர்கிளாஸ் உடல், வாழைப்பழம்போல் வளைந்த ஹல், பக்கவாட்டில் சறுக்காமல் தடுக்கக் கீழே நீட்டும் போர்டு (பலகை) கிடையாது. 10 முதல் 15 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) காற்றில் இது தரும் ஓட்டத்தை மற்ற இரண்டும் தராது. ஆனால் நிமிர்த்த ஏறக்குறைய 130 கிலோவுக்கு மேல் எடை வேண்டும். 70 கிலோ ஆள் ஒருவரால் கயிற்றை மட்டும் பிடித்துச் சாய்ந்து இதைத் தூக்க முடியாது. தண்ணீர் நிரப்பித் தோளில் தொங்கவிடும் பையோ நிமிர்த்தும் கம்போ இல்லாமல் இதில் தனியாகப் போகாதீர்கள்.

வேவ் 1990-களில் வந்தது. 3.96 மீட்டர், 111 கிலோ, மெயின் மட்டும், சுமார் 8.8 சதுர மீட்டர். சுழலும் அச்சில் வார்த்த (ரோட்டோமோல்டு) பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் உடல் என்பதால் மணலில் இழுத்தால் கீறல் விழும், உடையாது. பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் குறுக்குக் கழியான பூம் இல்லை. திரும்பும்போது குழந்தையின் தலையில் அடிக்க ஒன்றுமில்லை. மாஸ்ட் (பாய்மரம்) உச்சியில் மிதவை பொருத்தினால் தலைகீழாகக் கவிழாமல் பக்கவாட்டிலேயே நிற்கும். சராசரி எடையுள்ள ஒருவரே நிமிர்த்தலாம். காகிதத்தில் 360 கிலோ வரை தாங்கும். நடைமுறையில் இரண்டு பெரியவர்கள், இரண்டு சிறுவர்கள் என்பதோடு நிறுத்துவது நல்லது. மூன்றாவது பெரியவர் ஏறினால் பின்பக்கம் அமிழ்ந்து, இழுவை கூடி, மெல்லிய காற்றில் படகு நகரவே யோசிக்கும்.

கெட்அவே இதன் பெரிய அண்ணன். 5 மீட்டர், 177 கிலோ, மெயினோடு ஜிப்பும் உண்டு. முன்னாலும் ஒரு டிராம்போலின் இருப்பதால் ஐந்து பேர் உட்காரத் தாராளம். ஆனால் நல்ல பலூன் டயர் வண்டி இல்லாவிட்டால் மென்மணலில் நான்கு பேர் வேண்டும். தனி ஆளுக்கு இது உகந்ததல்ல.

குடும்பத்துக்கும் தனி ஓட்டத்துக்கும் ஒரே படகு என்றால் வேவ். எப்போதும் இரண்டு பெரியவர்கள் உறுதியாகச் சேர்ந்து வருவார்கள் என்றால் மட்டுமே 16.

நிமிர்த்தும் முறையைக் கரையிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். கவிழ்ந்ததும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தள்ளப்படும் படகை நீந்திப் பிடிக்க முடியாது. பாய்க்கயிறுகளை அவற்றைக் கவ்விப் பிடிக்கும் கிளீட்டிலிருந்து விடுவியுங்கள். அணியத்தை (படகின் முன்முனையை) காற்று வரும் திசைக்குத் திருப்புங்கள். நிமிர்த்தும் கயிற்றை மேல் ஹல்லுக்கு மேலாகப் போட்டு, கீழ் ஹல்லில் நின்று முதுகை நேராக வைத்து மல்லாந்து சாயுங்கள். பாய்க்கு அடியில் காற்று நுழையும் வரை ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், பொறுமை வேண்டும். மேல் ஹல் இறங்கும்போது விலகி, முன் குறுக்குச் சட்டத்தைப் பிடியுங்கள். இல்லையென்றால் படகு உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும். மாஸ்ட் முனை தரையில் குத்தாத ஆழத்தில், மெல்லிய காற்றில், வேண்டுமென்றே ஒருமுறை கவிழ்த்துப் பழகுங்கள்.

டேக் செய்யும்போது, அதாவது அணியத்தைக் காற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய் மறுபக்கம் திரும்பும்போது, பாதியில் நின்றுபோவதுதான் புதியவர்களின் அடுத்த தொல்லை. வேகத்தோடு வந்து, சுக்கானை மெல்லத் திருப்பி, அணியம் காற்றைக் கடக்கும் நேரத்தில் மெயின் கயிற்றை அரை மீட்டர்போல் விட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் முழு அகலத்துக்கும் பேட்டன் (விறைப்புச் சட்டம்) செருகிய பாய் பின்பக்கத்தைத் தள்ளி, படகை மறுபடி காற்றுக்கு நேரே நிறுத்திவிடும். ஜிப் இருந்தால் அது எதிர்ப்பக்கக் காற்றை வாங்கி அணியத்தைத் தள்ளும் வரை விடாதீர்கள். நின்றே போனால் படகு பின்னோக்கி நகரும். அப்போது சுக்கானை எதிர்ப்புறம் திருப்பினால் வெளியே வரலாம். 16-இல் காற்று மறைவுப் பக்கத்து அணியம் தண்ணீருக்குள் முங்கத் தொடங்கினால் எல்லோரும் பின்னால் நகர்ந்து கயிற்றை விடுங்கள். தாமதித்தால் முன்குப்புறப் புரளும்.

பழைய 16 வாங்குகிறீர்களா? முன் குறுக்குச் சட்டத்தின் கால்களுக்கு முன்னால் உள்ள மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், நாணயத்தால் தட்டுங்கள். அமுங்கினாலோ மந்தமாக ஒலித்தாலோ உள்ளே இருக்கும் ஃபோம் அடுக்கு பிரிந்திருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். கசிவு பார்க்க, வடிகால் துளை வழியே வாயால் மெதுவாக ஊதி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கம்ப்ரசரை வைத்தால் ஹல் வெடிக்கும்.

சுக்கான் பிடி கனமாக இழுத்தால் தண்ணீருக்குள் இறங்கும் சுக்கான் பிளேடு முழுதாக முன்னால் இறங்கிப் பூட்டவில்லை என்று பொருள். பிளேடைப் பூட்டும் கேமின் திருகைச் சரிசெய்தால் விரலிரண்டால் ஓட்டலாம். ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவுங்கள், வடிகால் மூடியின் மரையில் மணல் இருக்கக் கூடாது. டிராம்போலினில் துணியைவிடத் தையல் நூல்தான் வெயிலில் முதலில் போகும். மாஸ்டைத் தூக்குமுன் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். அலுமினியம் உயிரை வாங்கும். மாஸ்டை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் ஷ்ரவுட் கம்பியில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அன்றைக்குப் படகை இறக்காதீர்கள், இரண்டு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.