எங்கள் செவன்டிக்கு வயது என்ன?

பண்டாரவளையில் இருக்கும் மச்சான் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். ஈரச் சாக்கின் மேல் ஒரு ஸ்டீல் 070 செயின் சோ, மரம் அறுக்கும் மெஷின். (இரும்பு ஸ்டீல் இல்லை, ஜெர்மன் கம்பெனியின் பெயர் அது.) "ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குத் தருகிறார்களாம். எந்த வருஷத்து மெஷின் என்று பார்த்துச் சொல். வாங்கலாமா?"

அவன் கேட்ட நேரத்தில் என்னுடைய 070 முற்றத்தில் பேப்பர் விரித்துப் பிரித்துப் போட்டுக் கிடந்தது. கையெல்லாம் கரி. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. அந்த மனநிலையில் தொடங்கிய பதில் இது, அதனால் சூடு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும்.

எங்கள் வீட்டில் அதற்கு செவன்டி என்று பெயர். 1992-இல் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனபோது, எங்கள் தோட்டத்து ஸ்டோரில் கிடந்த பழைய சாமான்களை ஏலம் விட்டார்கள். அப்பா அங்கே ஃபிட்டர். தண்ணீர் பம்ப் எடுக்கப் போனவர் இதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மா மூன்று நாள் பேசவில்லையாம். நான் கையில் எடுத்து 19 வருடம் ஆகிறது. கிரவேலியா, டர்பன்டைன், அல்பீசியா, ஜூன் மாதக் காற்றில் ஹட்டன் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தவை என்று எத்தனையோ மரம். 106 சிசி, என்ன எடை, என்ன சத்தம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதவர்கள் ஒருமுறை தூக்கிப் பார்த்தால் போதும்.

வயதுக் கதைக்கு வருவோம். 2019-இல் செயின் சோ வைத்திருப்பவர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்ததே, அதுவரைக்கும் இதற்கு என்ன வயது என்று நான் யோசித்ததே இல்லை. எண்ணைக் கேட்டார்கள். எண் பொறித்த தகட்டில் எந்தக் காலத்து மெக்கானிக்கோ துளை போட்டு, ஆணி அடித்து, மேலே வெள்ளிப் பெயின்ட்டும் பூசியிருக்கிறார். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்ததில் எண்ணின் பின்பாதியும், ஓரத்தில் 'வெஸ்ட் ஜெர்மனி' என்ற எழுத்தும் தெரிந்தன. "எந்த வருஷம்?" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். எங்கள் பக்கத்து பாஸ் (மெக்கானிக்) ஒருவர் எப்போதோ 85 என்று சொன்னது ஞாபகம் வந்தது. "85 சேர்" என்றேன். எழுதிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் பாக்கை மென்றுகொண்டே, "என்ன தம்பி எண்பத்தஞ்சு? வெள்ளைக்கார துரை இருக்கும்போதே வந்தது. பெட்டியை உடைச்சு எடுத்ததை நான் பார்த்தேன்" என்றார். கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது 1975-இல். அப்படியென்றால் அதற்கும் முன்னால். பெரியப்பாவுக்கு நல்லது எல்லாமே வெள்ளைக்கார துரை காலத்தில் வந்ததுதான். அதனால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

மச்சானுக்கும், இப்படித் தேடித் திரியும் மற்றவர்களுக்கும் ஒன்று. ஸ்டீலின் எண்ணை வைத்து வருடத்தை நேராக வாசிக்க முடியாது. ஒன்பது இலக்க எண்ணாக இருந்தால் முதல் இலக்கம் நாட்டைச் சொல்லும்: 1 ஜெர்மனி, 2 அமெரிக்கா, 3 பிரேசில். பிரேசில் தொழிற்சாலை தொடங்கியது 1973-இல், ஆகவே அங்கே செய்த மெஷின் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. 'வெஸ்ட் ஜெர்மனி' என்று இருந்தால் 1990-க்கு முன்னால். ஹஸ்க்வர்னா என்ற வேறு கம்பெனி மெஷின் வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அதன் பிந்திய மெஷின்களில் எண்ணின் தொடக்கத்திலேயே வருடமும் வாரமும் வந்துவிடும். 9623 என்று தொடங்கினால் 1996, இருபத்து மூன்றாவது வாரம். இதற்கு அந்த வசதி கிடையாது.

உலோகத்தில் 1106 என்று தொடங்கும் எண் ஒன்று வார்த்திருக்கும். அதைக் காட்டி "பதினொன்றாம் மாதம், 2006, புது மெஷின்" என்று என்னிடமே ஒருவர் விற்கப் பார்த்தார். 1106 என்பது குடும்பப் பெயர் மாதிரி. 1959-இல் வந்த கொன்ட்ரா என்ற பழைய ஸ்டீல் மெஷினுக்கும் அதுதான், அதன் வழி வந்த 070-க்கும் அதுதான், பெரியவன் 090-க்கும் அதுதான்.

பிளாஸ்டிக் பாகங்களைத் திருப்பிப் பார்ப்பது நல்ல வழி. உள்பக்கம் சின்னக் கடிகாரம் போல ஒரு வட்டம், சுற்றி 1 முதல் 12 வரை, நடுவில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம், மாதத்தைக் காட்ட ஓர் அம்புக்குறி. அந்தப் பாகத்தை அச்சில் வார்த்த மாதம் அது. ஆசையோடு ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். 2011, ஏழாம் மாதம். நானே வாங்கிப் போட்ட டூப்ளிகேட் மூடி! 070-க்கு வெளிக் கம்பெனிப் பாகம் கிடைப்பது அவ்வளவு சுலபம். சிலிண்டர் முதல் ஸ்டார்ட்டர் வரை வாங்கலாம். ஓட்டுகிறவனுக்கு அது வரப்பிரசாதம், வயது பார்க்கிறவனுக்குத் தலைவலி.

சரி, இனி என் வயிற்றெரிச்சல்.

காலையில் பனிக்குள் இரண்டாவது இழுப்பில் பிடித்துவிடும். ஒரு டாங்க் முடியும்வரை ஒரு குறை சொல்ல முடியாது. அப்புறம் பெற்றோல் ஊற்ற நிறுத்துவோம். அவ்வளவுதான். இழு, இழு, இழு. இந்த மெஷினின் கயிறு சும்மா வராது, சில நேரம் கையைத் திருப்பிப் பிடித்து இழுக்கும், மணிக்கட்டு போய்விடும். பத்து இழுப்புக்குப் பிறகு மரத்தின் மேல் உட்கார்ந்து பீடி குடிக்கும் பையன்களைத் திட்டத் தொடங்குவேன். அவர்கள் என்ன செய்வார்கள் பாவம். 25 நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி முதல் இழுப்பில் பிடிக்கும். நாலு வருடமாக இதே கூத்து.

முதலில் பார்த்த மெக்கானிக் காபரேட்டர் என்றார். ஒரு கடையில் கிட் வாங்கிப் போட்டேன். அதில் இருந்த டயாஃபிரம், பெற்றோலை உறிஞ்சித் தரும் சவ்வு, தார்ப்பாய்த் துண்டு மாதிரி விறைப்பு. மெல்லிய தோல் போல மடிய வேண்டிய சாமான் அது. போட்ட பிறகு சூட்டில் மட்டுமல்ல, குளிரிலும் தகராறு. அதைத் தூக்கி எறிந்துவிட்டுச் சரியான கிட்டுக்கு இரண்டு மடங்கு கொடுத்தேன். அடுத்தவர் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்றார். மூன்றாமவர் பெற்றோல் சரியில்லை என்றார். அது 2022. பெற்றோல் தட்டுப்பாட்டில் பைக்குக்குக் கியூஆர் பங்கீட்டில் கிடைத்த வாரம் 4 லீற்றரில் இதற்கு ஒரு லீற்றர் பிரித்து ஊற்றிக்கொண்டிருந்த காலம். அந்த ஒரு லீற்றரையும் அவர் முன்னாலேயே மண்ணில் கொட்டினேன் என்றால் பாருங்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது பொறியை. பிளக்கைக் கழற்றி, வயரோடு சிலிண்டரின் செட்டையில் தொட வைத்து, கயிற்றை இழுத்துப் பார்த்தால் குளிரில் பளிச்சென்று நீலப் பொறி. சூட்டில் மங்கல் மஞ்சள், சில இழுப்பில் அதுவும் இல்லை. இதை நாலு வருடத்துக்கு முன்னால் செய்யாதது என் மடத்தனம். என்னுடையது பொயின்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) உள்ள பழைய வகை, பின்னால் வந்தவை எலெக்ட்ரோனிக். பொயின்ட் ஃபிளைவீலுக்குப் பின்னால் இருக்கிறது. புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) இல்லாமல் கழற்றப் போய் ஃபிளைவீலின் காற்றாடி இதழை உடைத்தவர்கள் இங்கே நிறையப் பேர். சுத்தியலைத் தொடாதீர்கள்.

போன வாரம் அதைத்தான் கழற்றினேன். பொயின்ட் இரண்டும் கருகி, ஒன்றில் சின்னக் குழி. இடைவெளியை 0.35 மி.மீ.க்கு வைத்தேன். கண்டன்சரைக் கழற்றி மீட்டரில் பிடித்தால் 0.2 மைக்ரோஃபரட், நல்ல பிள்ளை. மகளின் ஹேர் டிரையரை வாங்கி இரண்டு நிமிடம் சூடு காட்டினேன். எண் ஆடத் தொடங்கியது, விழுந்தது, ஏறியது, பிறகு மீட்டர் எதையும் காட்டவில்லை. நாலு வருடமாக என் தோளை வாங்கிய திருடன் சுண்டுவிரல் அளவு தகர டப்பா. பொயின்ட் திறக்கும்போது அங்கே பொறி பறக்காமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. அது சூட்டில் கைவிட்டால் பொயின்ட் கருகும், பிளக்குக்குப் பொறி வராது. காபரேட்டருக்கும் ரிங்குக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹேர் டிரையரில் கரி பட்டதற்கு வாங்கிய ஏச்சு தனி.

அந்த இடத்தைப் பெற்றோல் தொட்ட துணியால் துடைத்தபோதுதான் அதைப் பார்த்தேன். ஃபிளைவீல் மறைக்கும் பகுதியில், உலோகத்தின் மேல் ஆணியால் கீறிய எழுத்து. 9-74. அதன் கீழே வேறு கையெழுத்தில், 2-81. எங்கள் அப்பாவும் பம்புக்குள்ளே இப்படித்தான் மாதம் வருடம் கீறி வைப்பார், எப்போது திறந்தோம் என்று அடுத்த முறை தெரிவதற்கு. 74 ஒன்பதாம் மாதம் ஒருவர் இதைத் திறந்திருக்கிறார். அப்படியென்றால் மெஷின் அதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. பெரியப்பா சொன்னது சரி. போய்ச் சொன்னேன். "அதைத்தானே அப்பவே சொன்னேன்" என்றுவிட்டு வெற்றிலையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். நானோ முக்கால் மணிநேரமாக அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஓட வைப்பதைப் பற்றிச் சுருக்கமாக. பெற்றோலில் கலக்கும் சாதாரண டூ-டி எண்ணெய் என்றால் லீற்றருக்கு 40 மில்லி, அதாவது 25-க்கு 1. புது மெஷின்களுக்கு நல்ல எண்ணெயில் 20 மில்லி போதும் என்பதைக் கேட்டுக்கொண்டு வந்து இதில் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம். வேலை முடிந்தால் டாங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், டயாஃபிரம் பிழைக்கும். பாருக்கு (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) லொறியில் கழித்த கறுப்பு ஓயிலை ஊற்றுவதை எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்தேன், ஒரு பாரைத் தின்றது. 404 அளவு செயினைத் தீட்ட 5.5 மி.மீ. அரம்.

ஆனால் மலைநாட்டுக்காரர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. எனக்கு ஒரு பிஸ்டன் செலவில் தெரிந்தது. ஹட்டன் பக்கம் நாலாயிரம் அடிக்கு மேல். காற்று மெலிது. இங்கே சரியாக ஓட வேண்டுமென்றால் காபரேட்டரின் எச் ஸ்குரூவைக் கொஞ்சம் உள்ளே திருப்பிப் பெற்றோலைக் குறைக்க வேண்டும். அப்படி வைத்த மெஷினைச் சின்ன மாமாவின் பலா மரம் வெட்டக் கீழ்நாட்டு அவிசாவளைக்குக் கொண்டுபோனேன். கீழே காற்று அடர்த்தி, பெற்றோலோ மேலே வைத்த அளவு. சத்தம் வழக்கத்தைவிட மெல்லிசாக, கீச்சென்று இருந்தது. வெயில் சூட்டில் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மூன்றாவது வெட்டில் இறுகிவிட்டது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் நீளவாக்கில் பூனை பிறாண்டியது போலக் கோடு. இறங்கும்போது அந்த ஸ்குரூவைக் கால் சுற்று வெளியே திருப்பிவிட்டு இறங்குங்கள், பிறகு சத்தம் கேட்டுச் சரிசெய்யலாம்.

இப்போது மச்சானுக்குப் பதில். வாங்காதே.

பெரிய அடிமரத்தில் இதைப் போல நின்று, அவசரப்படாமல், திணறாமல் அறுக்கும் மெஷின் என் கைக்கு வேறு வந்ததில்லை. அது வேறு விஷயம். இதில் செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் இல்லை. பார் நுனி பட்டு எகிறினால் உன் கையும் கடவுளும்தான். கைப்பிடிக்கு ரப்பர் தாங்கி இல்லை. இரண்டு டாங்க் ஓட்டிவிட்டு வந்தால் விரல் மரத்துப்போய் தேத்தண்ணீர்க் கோப்பை சோஸரில் தாளம் போடும். இரவில் விரல் குத்தும். உனக்கு வயது 46, உனக்கு வேண்டியது முற்றத்துக் கொய்யாவை வெட்ட ஒரு சின்ன மெஷின்.

கேட்காமல் பார்க்கப் போவாய் என்று தெரியும். போனால், சைலன்சரைக் கழற்றி பிஸ்டனைப் பார். பெயின்ட் புதிதாக இருந்தால் சந்தேகப்படு. ஸ்டார்ட் ஆகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் காசை எண்ணாதே. ஒரு முழு டாங்க் ஓடவிட்டு, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப இழு. அவர் "சூடாக இருக்கிறது, கொஞ்சம் ஆறட்டும்" என்றால் பஸ் ஏறிவிடு.

புதுக் கண்டன்சர் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் இருந்து வெள்ளிக்கிழமை வரும். பொலிஸ் புத்தகத்தில் இன்னும் 85 என்றுதான் இருக்கிறது. திருத்தப் போகப் போவதில்லை, போனால் தகட்டைப் பற்றித் திரும்பக் கேட்பார்கள்.

மச்சான், நீ எப்படியும் எடுக்கப் போவதில்லை என்றால் அந்த ஆளின் நம்பரை எனக்கு அனுப்பு. பாகத்துக்குத்தான். வீட்டில் யாரிடமும் சொல்லாதே.