மழைக்காலத்தில் சின்னப் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போவது? திருநெல்வேலியில் நாங்கள் பார்த்த நான்கு வழிகள்

திருநெல்வேலிக்குத் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் சாரலோடு போய்விடும். நமக்கு உண்மையான மழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரைக்கும்தான். ஒருநாள் மழை என்றால் எதையாவது செய்து பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம், மூன்று மாதம் சமாளிப்பது வேறு கதை. வ.உ.சி. மைதானம் கிடையாது, தெருவில் சைக்கிள் கிடையாது, பெரிய நகரங்களைப் போல ஏரியாவுக்கு ஒரு மாலும் இங்கே கிடையாது. எங்கள் வீட்டில் மூத்தவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. பணம் கட்டி ஆடும் உள்விளையாட்டுக்கூடம், கொக்கிரகுளம் அறிவியல் மையம், பாளையில் (பாளையங்கோட்டை) இருக்கும் மாவட்ட மைய நூலகம், வீட்டுத் தரை என்று நான்கையும் பார்த்துவிட்டு நாங்கள் நூலகத்தில் நின்றுவிட்டோம். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விளையாட்டுக்கூடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கணக்கில் காசு, சாக்ஸ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், மறந்து போனால் அதையும் அங்கேயே வாங்க வேண்டும். சறுக்கு, டிராம்போலின், பந்துக் குவியல் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கத்தான் செய்யும். ஓடியாடிக் களைக்க வேறு இடமே இல்லாத ஒரு வாரத்தின் கடைசியில் அதன் அருமை தெரியும், அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கே இரண்டும் தூங்கிவிடும். ஆனால் பள்ளிக்கூடம் லீவு விட்ட மழை நாளில் ஊரே அங்கேதான் இருக்கும். நாங்கள் போன ஓர் இடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி என்று பலகை மட்டும் இருந்தது. பெரிய பையன்கள் அதற்குள்ளேயும் பாய்ந்துகொண்டிருந்தார்கள், கேட்டால் "நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கோங்க" என்றார்கள். இருமலும் சளியும் சுற்றுகிற மாதத்தில் அத்தனை பிள்ளைகள் ஒரே மூடிய அறையில் இருப்பதும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

அறிவியல் மையம் நல்ல இடம். தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் குழுமத்தின் கீழ் 1987 முதல் தாமிரபரணிக் கரையோரம் இருக்கிறது, நம் அளவு ஊர்களில் பலவற்றுக்கு இப்படி ஒன்று வாய்க்கவில்லை. பட்டனை அழுத்தினால் ஏதாவது ஓடும், சுழலும். மூத்தவள் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று "இது ஏன் இப்படி?" என்று கேட்டாள், சின்னவன் பட்டன்களை மட்டும் அழுத்திக்கொண்டே போனான். அதுவும் அவனுக்குப் போதும். ஆனால் அவர்கள் இருவரும் அதிகம் விரும்பியது வெளியே பூங்காவில் இருக்கும் டைனோசர் உருவங்களும் விளையாட்டுச் சாதனங்களும். மழை பெய்தால் அந்தப் பகுதி கைவிட்டுப் போகும். உள்ளே இருப்பவையோ மூன்றாம் முறை போகும்போது நாலு வயதுக்குப் பழகிப்போகின்றன. தூறல் நாளுக்கு, அதுவும் இடைவெளி விட்டுப் போவதற்கு, கட்டாயம் பரிந்துரைப்பேன். வாரா வாரம் என்றால் தாங்காது.

வீட்டுத் தரையில் பல்லாங்குழி, தாயம், சேலையைக் கட்டிக் கூடாரம், சப்பாத்தி மாவில் பீட்ரூட் சாறு கலந்து உருட்டுவது, இவையெல்லாம் எல்லாரும் அறிந்தவைதான். பல்லாங்குழி ஏழு வயதுக்கு அருமையான கணக்குப் பாடம், ஆனால் புளியங்கொட்டையை வாயில் போடுகிற வயதில் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். காகிதக் கப்பலை வாசலில் தேங்கிய தண்ணீரில் விடவேண்டாம், அண்டாவில் விடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி தேங்கிய மழைநீரில் இருக்கலாம், காலில் சின்னக் கீறல் இருந்தாலே உள்ளே போய்விடும். வீட்டு விளையாட்டின் சிக்கல், பெரியவர் ஒருவர் முழு நேரமும் கூடவே இருந்தாக வேண்டும். வேலைக்குப் போய் வருகிற வீட்டில் அது தினமும் நடக்காது, ஆறு மணிக்குக் கை தானாக போனை எடுத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடும்.

இப்போது நூலகத்துக்கு வருகிறேன். என் முடிவுக்குக் காரணம் ஒன்றே ஒன்று. பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப்போயே ஆகவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிற நாளில்தான் எங்கேயும் போக முடியாது. ரெட் அலர்ட் என்று செய்தி வரும், கலெக்டர் லீவு விடுவார், ரயில் சந்திப்புப் பக்கம் தண்ணீர் நிற்கிறது என்பார்கள், ஸ்கூட்டரை எடுக்கவே பயமாக இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 யாருக்கும் மறந்திருக்காது. பக்கத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, இங்கே தாமிரபரணி பெருகிக் கொக்கிரகுளமும் சந்திப்பும் வெள்ளத்தில் நின்றன. அவ்வளவு பெரிய மழை எப்போதாவதுதான், சரி. ஆனால் இரண்டு மூன்று நாள் அடைமழை என்பது ஒவ்வொரு வருஷமும் உண்டு. அந்த நாட்களில் விளையாட்டுக்கூடமும் அறிவியல் மையமும் எவ்வளவு நன்றாக இருந்தும் நமக்குப் பயனில்லை, ஏனென்றால் அங்கே கிடைப்பதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். நூலகத்தில் மட்டும்தான் மழை ஓய்ந்த நாளில் போய் மழை நாளுக்கு வேண்டியதை எடுத்து வந்து வீட்டில் வைத்துக்கொள்ள முடிகிறது. கரண்ட் போனாலும் வாசிப்பு நிற்காது, எமர்ஜென்சி விளக்கு ஒன்று இருந்தால் போதும். திரும்பக் கொடுத்து வேறு எடுப்பதால் பழகிச் சலிப்பதும் இல்லை.

செலவும் மிகக் குறைவு. காப்புத்தொகை கட்டுகிறோம், உறுப்பினராக வேண்டாம் என்றால் அது திரும்பக் கிடைக்கும், சந்தா சொற்பம்.

குறைகளும் உண்டு. சிறுவர் பிரிவில் நாலு வயதுக்கு ஏற்ற, படம் பெரிதாகவும் எழுத்து குறைவாகவும் இருக்கிற புத்தகங்கள் தேடித்தான் எடுக்க வேண்டும். நேஷனல் புக் டிரஸ்ட், துளிகா போன்ற பதிப்பகங்களின் மெல்லிய படப் புத்தகங்களைக் கண்ணில் பட்டதும் எடுத்துவிடுங்கள். போதவில்லை என்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிறைய இலவசமாக இருக்கின்றன, பிரிண்ட் எடுத்து ஸ்டேப்ளர் அடித்து வைத்துக்கொள்ளலாம், அதற்கு உரிமம் தடையில்லை. அப்புறம், நூலகத்துக்குள் சின்னவன் சத்தம் போடாமல் இருப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே உட்கார வைத்து வாசிப்பதை விட்டுவிட்டு, எடுத்துக்கொண்டு கிளம்புகிற இடமாக வைத்துக்கொண்ட பிறகுதான் எங்களுக்கு ஒத்து வந்தது. உடம்பு களைக்கிற வேலையைப் புத்தகம் செய்யாது என்பதும் உண்மைதான், அதற்கு வீட்டிலேயே கண்ணாமூச்சியும் தலையணைத் தாண்டலும் தேவைப்படுகின்றன.

எங்கள் அனுபவம் இந்த இரண்டு வயதுகளோடு முடிகிறது. ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் மையம் முதலிடத்துக்கு வந்தாலும் வரலாம். டவுனிலோ மேலப்பாளையத்திலோ இருப்பவர்களுக்குப் பாளை வரை வருவது அலைச்சல் என்றால் பக்கத்துக் கிளை நூலகத்தை முதலில் பாருங்கள், புத்தகம் குறைவாக இருந்தாலும் நடந்து போகிற தூரம் மழைக்காலத்தில் பெரிய விஷயம். புத்தகங்களை இரண்டு பாலிதீன் கவரில் சுற்றிக் கொண்டுவாருங்கள், ஈரச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள், நனைந்து கெட்டுப்போனால் விலையை நாம்தான் கட்ட வேண்டியிருக்கும். படிவம், முகவரிச் சான்று என்று உறுப்பினர் ஆவதற்கு ஓரிரு முறை நடக்க வேண்டியிருக்கலாம், அதைப் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள்.