பல்சக்கரமா, பெல்ட்டா, டைரக்ட் டிரைவா? ஆத்தங்குடித் தரையில் ஒரு ஸ்டியரிங் வீல்

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், கணக்குப்பிள்ளை உட்கார்ந்து எழுதிய தேக்கு மேசை ஒன்று இருக்கிறது. கணினியில் வண்டி ஓட்டும் விளையாட்டுகளுக்காக ஸ்டியரிங் வீல் வாங்கியதும் நேரே அதில்தான் மாட்டப் போனேன். பலகையின் கனத்துக்கு, வீலை மேசையோடு கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் வாயே திறக்கவில்லை. கடைசியில் தம்பியின் படிப்பு மேசைதான் கிடைத்தது. வாங்குமுன் மேசை விளிம்பை அளந்துவிடுங்கள்.

சரி, எதை வாங்குவது? விளையாட்டில் சாலையின் உதறலை, வீலுக்குள் இருக்கும் மோட்டார்தான் விசையாகக் கைக்குத் தருகிறது. லாஜிடெக் ஜி29 போன்றவை அந்த விசையைப் பல்சக்கரம் வழியாகக் கடத்தும் வகை. வீல் சுற்றுவது 900 டிகிரி, அதாவது ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டரைச் சுற்று. யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்ற விளையாட்டில் லாரி ஓட்ட அது தாராளம். குறை என்னவென்றால், மேடுபள்ளத்தில் பற்கள் கடகடக்கும். இரவு பதினோரு மணிக்கு வளவு முழுக்க அது எதிரொலித்து, "தம்பி, மாவு மில்லு வச்சிருக்கியா?" என்று அப்பத்தா எழுந்து வந்துவிட்டார்.

திரஸ்ட்மாஸ்டர் டி300 பெல்ட் வகை. 1080 டிகிரி, சத்தம் குறைவு, கைக்கும் வழுவழுப்பாக இருக்கும். வெகுநேரம் ஓட்டினால் மோட்டார் சூடேறி விசை கொஞ்சம் தளரும். நம் ஊர் சித்திரையில் இதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

டைரக்ட் டிரைவில் இடையில் பல்லும் இல்லை, பெல்ட்டும் இல்லை. மோட்டாரின் தண்டிலேயே வீல். இந்த வகையான மோசா ஆர்5 தரும் திருகு விசை 5.5 நியூட்டன் மீட்டர். ஜி29-இன் விசை சுமார் 2 தான். டயர் வழுக்கத் தொடங்குவது கைக்கு உடனே தெரியும். ஆனால் லேசான மேசையில் மாட்டினால் வீலோடு மேசையும் ஆடும். இதற்கு ஸ்டாண்டுக்கும் சேர்த்துப் பணம் வைக்க வேண்டும்.

இந்த மூன்றையும்விட என்னைப் படுத்தியது பெடல்தான். ஆத்தங்குடிக் கல் கண்ணாடி மாதிரி வழுக்கும். முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் சுவரைப் பார்த்துப் போனது, நாற்காலி பின்னால் போனது. அடியில் ஜமுக்காளம் விரித்தேன். பெடலுக்கு அடியில் உள்ள பல் அதைக் கவ்வியது உண்மை, ஆனால் ஜமுக்காளமே நகர்ந்துவிட்டது. ஒரு நீளப் பலகையில் பெடலைத் திருகி, அதே பலகையின் மறுமுனையில் நாற்காலியின் முன்கால்களை ஏற்றி வைத்த பிறகுதான் அடங்கியது. மிதிப்பவரின் எடையே பலகையைப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் வைத்த நாற்காலி வேண்டவே வேண்டாம்.

அப்புறம் அமைப்புகள். வீலின் மென்பொருளில் 900 டிகிரி என்றால் விளையாட்டிலும் 900 வையுங்கள். ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் ஒரே அச்சாக இணைந்திருந்தால் பிரித்துவிடுங்கள். விசையை முழுதாக ஏற்றாதீர்கள்: சின்ன மோட்டார் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும்போது சாலையின் நுணுக்கமெல்லாம் ஒரே கனமாகிவிடும். நான் 70 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். பல்சக்கர வகையில் நடுவில் விசையே தெரியாத ஒரு செத்த இடம் இருக்கும். அசெட்டோ கோர்சா என்ற ரேஸ் விளையாட்டில் மினிமம் ஃபோர்ஸ் என்ற அமைப்பைக் கொஞ்சம் கூட்டினால் அது மறையும்.

என் ஓட்டு, பழைய பல்சக்கர வீலுக்கும் நல்ல ஸ்டாண்டுக்கும்தான். லாரி, பஸ் ஓட்டுபவருக்கு அது போதும். ரேஸ்தான் வேண்டும் என்றால் பெல்ட்டைத் தாண்டி டைரக்ட் டிரைவுக்கே போய்விடலாம். நான் இப்போதைக்கு இரவு ஒன்பதோடு லாரியை நிறுத்திவிடுகிறேன், அப்பத்தா படுக்கும் நேரம்.