கட்டியைக் கரைக்கிறோம் என்றார்கள்: புற்றுநோயாளிகளின் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஆபரேஷன் வேண்டாம், கீமோ வேண்டாம், பக்கவிளைவே இல்லாமல் கட்டியைக் கரைத்துவிடுகிறோம் என்று சொல்லும் ஒரு மையத்தில் என் சித்தி பல மாதங்களைத் தொலைத்தார். பணமும் போனது. ஆனால் பணத்துக்காக இதை எழுதவில்லை. இரண்டாம் ஸ்டேஜில் இருந்த நோய் அந்த மாதங்களில் மூன்றாம் ஸ்டேஜுக்குப் போய்விட்டது. இதே பேச்சைப் பேசுகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஒரு மையத்தின் பெயரைவிட அந்தப் பேச்சைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் உங்களுக்கு உதவும். அதனால் எங்களிடம் என்னென்ன சொன்னார்கள், அதில் எவ்வளவு உண்மை என்று விவரமாகவே எழுதுகிறேன்.

சித்திக்கு மார்பில் கட்டி. மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), பயாப்சி (கட்டியில் ஊசி குத்திக் கொஞ்சம் சதை எடுத்துச் சோதிப்பது) எல்லாம் முடிந்து ரிப்போர்ட் வந்திருந்தது. ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகை, நல்ல சிகிச்சைகள் இருக்கிற வகை. முதலில் ஆபரேஷன், பிறகு கீமோ, ரேடியேஷன், அப்புறம் சில வருடங்களுக்கு மாத்திரை, குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனால் மார்பை எடுப்பார்கள், முடி கொட்டும் என்ற பயத்தில் சித்தி சாப்பாடு தூக்கமில்லாமல் கிடந்தார். சரியாக அந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் அந்த மையத்தின் வீடியோவை அனுப்பினார். நல்ல மனதோடுதான் அனுப்பினார்.

முதல் நாளே விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்து, பெரிய திரையில் காட்டினார்கள். சிவப்பணுக்கள் அடுக்கி வைத்த காசு மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. "பாருங்கள், உங்கள் இரத்தம் அமிலமாகிவிட்டது, அதனால்தான் புற்றுநோய்" என்றார்கள். தன் இரத்தத்தையே கண்ணால் பார்த்தபின் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? உண்மையில், கண்ணாடித் தகட்டில் வைத்த இரத்தத் துளி கொஞ்ச நேரத்தில் காயத் தொடங்கும்போது ஆரோக்கியமானவர்களின் அணுக்களும் இப்படி ஒட்டிக்கொள்ளும். இரத்தத்தின் அமிலத்தன்மையை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்லவே முடியாது. உங்கள் இரத்தத்தைத் திரையில் காட்டி யாராவது இப்படிப் பேசினால், அங்கேயே எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது அந்த 'அமிலம்' கதை. ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி புற்றுநோய்க்குக் காரணம் அமிலம் என்று கண்டுபிடித்து 1931இல் நோபல் பரிசு வாங்கினார், அதை உலகம் மறைத்துவிட்டது என்றார்கள். அவர் 1931இல் நோபல் பரிசு வாங்கியது உண்மை. ஆனால் அது செல்களின் சுவாசத்துக்கு உதவும் நொதியைப் பற்றிய ஆய்வுக்காக. புற்றுநோய்ச் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் சர்க்கரையை நொதிக்க வைத்துச் சக்தி எடுக்கின்றன என்று அவர் கண்டதும் உண்மை. யாரும் அதை மறைக்கவில்லை, எல்லா மருத்துவ மாணவர்களும் படிக்கிறார்கள். கட்டியைச் சுற்றி அமிலம் அதிகமாக இருப்பது அந்தச் செல்கள் வெளியே தள்ளும் கழிவால். நோயின் விளைவை நோயின் காரணமாகத் திருப்பிச் சொல்கிறார்கள்.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு இரத்தத்தில் 7.35க்கும் 7.45க்கும் இடையிலேயே நிற்கும். நுரையீரலும் சிறுநீரகமும் அதை நொடிக்கு நொடி பார்த்துக்கொள்கின்றன. எதைச் சாப்பிட்டாலும் அது நகராது, நகர்ந்தால் ஐசியூவில்தான் இருப்போம். சாப்பாட்டால் மாறுவது சிறுநீரின் பிஎச்தான். அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய காகிதப் பட்டைகளும் சிறுநீரைச் சோதிக்கத்தான். சித்தி தினமும் காலையில் அந்தப் பட்டையின் நிறம் மாறுவதைப் பார்த்து நம்பிக்கையோடு இருந்தார். நிறம் மாறியது பொய்யில்லை. அதற்கும் கட்டிக்கும் சம்பந்தம் இல்லை, அவ்வளவுதான். இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

சர்க்கரைதான் கேன்சருக்குத் தீனி என்று சொல்லி, இனிப்பு மட்டுமில்லாமல் தானியம், பழம் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். இதிலும் ஒரு துளி நிஜம் இருக்கிறது. பெட் ஸ்கேனில் குளுக்கோஸ் போன்ற, கதிரியக்கம் சேர்த்த ஒரு பொருளை ஊசியில் ஏற்றுவார்கள். பல கட்டிகள் அதை அதிகமாக இழுப்பதால் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். ஆனால் மூளை, இதயம் உட்பட எல்லாச் செல்களுக்கும் குளுக்கோஸ் வேண்டும். நாம் பட்டினி கிடந்தாலும் ஈரல் அதைத் தயாரித்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கட்டியை மட்டும் பட்டினி போட வழியில்லை. பட்டினி கிடந்தது சித்திதான். எடை மளமளவென்று இறங்கியது, தசை கரைந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையைத் தாங்க உடலுக்கு முதலில் வேண்டியதே அந்த எடையும் புரதமும்தான். இனிப்பை அதிகம் சாப்பிட்டு உடல் பருமனாவது சில புற்றுநோய்களின் அபாயத்தைக் கூட்டும் என்பது தனி விஷயம், அது நிரூபிக்கப்பட்டது.

'வைட்டமின் பி17' என்று ஒரு மருந்தும் கொடுத்தார்கள். அப்படி ஒரு வைட்டமின் கிடையாது. ஏப்ரிகாட் விதையில் இருக்கும் அமிக்டலின் என்ற பொருளும், அதிலிருந்து செய்த லேட்ரைலும்தான் அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. உடலுக்குள் போனதும் அது சயனைடை வெளிவிடும். அமெரிக்காவில் 178 புற்றுநோயாளிகளுக்கு இதைக் கொடுத்துச் சோதித்து 1982இல் முடிவை வெளியிட்டார்கள். குணமும் இல்லை, ஆயுளும் நீளவில்லை. சிலரின் இரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. இதைச் சாப்பிட ஆரம்பித்தபின் சித்திக்குத் தலைசுற்றலும் வாந்தியும் வந்தன. கேட்டால், "நச்சு வெளியேறுகிறது, குணமாவதன் அறிகுறி" என்றார்கள். இந்த ஒரு வாக்கியத்தை நன்றாக மனதில் வையுங்கள். உடம்பு தேறினால் அவர்கள் மருந்தால், மோசமானால் நச்சு வெளியேறுவதால். எது நடந்தாலும் அவர்கள் சொன்னது சரியாகிவிடும்படி பேசுகிறவரிடம் உயிரை ஒப்படைக்காதீர்கள்.

பயாப்சி எடுத்ததால்தான் நோய் பரவப்போகிறது என்றும் பயமுறுத்தினார்கள். ஊசி போன பாதையில் செல்கள் ஒட்டிக்கொள்வது மிக அரிதாக நடந்திருக்கிறது, டாக்டர்களும் அதை மறைப்பதில்லை. விரையில் புற்றுநோய் என்று சந்தேகித்தால் பெரும்பாலும் ஊசி குத்தாமல் விரையையே எடுத்துச் சோதிப்பது இந்தக் காரணத்தால்தான். ஆனால் மார்பகக் கட்டிக்கு பயாப்சி இல்லாமல் அதன் செல்களில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பி இருக்கிறதா, ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று தெரியாது. அது தெரியாமல் எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியாது. பயாப்சியைத் திட்டுகிறவருக்கு அந்த விவரமே தேவையில்லை, ஏனென்றால் எல்லா நோயாளிக்கும் அவரிடம் இருப்பது ஒரே மருந்துதான்.

முன்னேற்றம் தெரிகிறதா என்று காட்ட வெப்பக் கேமராவில் படம் எடுப்பார்கள். சிவப்பு குறைந்து நீலம் கூடியிருக்கிறது, கட்டி அடங்குகிறது என்று விளக்குவார்கள். அந்தக் கேமரா தோலின் சூட்டைத்தான் அளக்கிறது, அறை குளிராக இருந்தாலே படம் மாறும். இது மாமோகிராமுக்கு மாற்று இல்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பலமுறை எச்சரித்திருக்கிறது. படத்தில் நீலம் கூடிக்கொண்டே போனபோது, சித்தியின் கைக்குத் தட்டுப்பட்ட கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது. அக்குளில் நெறி கட்டியதும் நானும் சித்தப்பாவும் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றோம். "ஸ்கேன் கதிர் பட்டால் இதுவரை செய்தது வீணாகும்" என்று தடுத்தார்கள். அன்றைக்கே சித்தியைப் பழைய டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

எல்லாவற்றையும்விட என்னால் மன்னிக்க முடியாதது வேறு. "மனதில் எதையோ அடக்கி வைத்திருக்கிறீர்கள், அந்தக் கசப்புதான் கட்டியாகியிருக்கிறது, யாரை மன்னிக்கவில்லை என்று யோசியுங்கள்" என்று சித்தியிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். நோயால் வாடும் ஒருவரிடம், இது உன்னால் வந்தது என்று சொல்வது கொடுமை. மனவேதனை நேரடியாகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. செல்கள் பிரியும்போது மரபணுவில் பிழைகள் சேர்கின்றன. வயது கூடக்கூடப் பிழைகளும் கூடுகின்றன. சில பிழைகள் தற்செயலானவை, எல்லாம் ஒழுங்காகச் செய்தவருக்கும் வரும். பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக் கோளாறால் நேரடியாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். அதனால் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதும் பாதுகாப்பு ஆகாது.

தடுக்க முடிந்தவையும் நிறைய இருக்கின்றன. 30 முதல் 50 சதவீதப் புற்றுநோய்களைத் தடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புகையிலை எந்த வடிவில் இருந்தாலும், மது, உடல் பருமன், அளவுக்கு மீறிய வெயில், சில தொற்றுகள் என்று காரணங்கள் தெரிந்தவை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி வைரஸ் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் முழுமையாக எச்பிவி தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களில் ஒருவருக்குக்கூடப் பரவும் நிலையிலான கருப்பைவாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஈரல் புற்றுநோயைக் குறைக்கிறது. உண்மையாகவே புற்றுநோயைத் தடுக்கும் இந்த ஊசிகளையும் அந்த மையம் விஷம் என்றுதான் சொன்னது. தான் விற்கும் சத்து மாத்திரை தடுக்கும் என்றது. ஃபின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. 1994இல் வெளியான முடிவு அது. மாத்திரையாக அடைத்த சத்து எல்லாம் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

மூலிகையின் மகத்துவத்தை மருந்துக் கம்பெனிகள் மறைக்கின்றன என்பார்கள். நித்யகல்யாணிச் செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் 1960களிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படுகிறது. சித்திக்குக் கடைசியில் ஏற்றிய கீமோ மருந்துகளில் ஒன்றான பேக்லிடாக்செல், யூ மரத்தின் பட்டையில் கண்டெடுக்கப்பட்டது. செடியில் பயனுள்ளது இருந்தால் அதைப் பிரித்தெடுத்து, அளவு கண்டு, ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்து மருத்துவமனைக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஆய்வகத் தட்டில் புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது என்பது மட்டும் போதாது, தட்டில் இருக்கும் செல்லைப் பினாயிலும் கொல்லும்.

சரி, குணமானவர்களின் வீடியோக்கள்? நாங்களும் பார்த்தோம். பலர் ஏற்கெனவே ஆபரேஷன் முடித்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. கட்டியை எடுத்தது ஆபரேஷன், பெயர் வாங்கியது கஷாயம். நோயே இல்லாமல் பேசுகிறவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பெல் கிப்சன் என்பவர் மூளைப் புற்றுநோயை உணவாலும் மாற்று மருத்துவத்தாலும் சமாளித்ததாகச் சொல்லிப் புகழ் பெற்றார். அவருக்குப் புற்றுநோயே இருந்ததில்லை, 2017இல் நீதிமன்றம் பெரும் தொகை அபராதம் விதித்தது. இறந்துபோனவர்கள் வீடியோ போடுவதில்லை. அவர்களை எண்ணிப் பார்த்தவர்கள் ஆய்வாளர்கள்தான். அமெரிக்காவில், வேறு உறுப்புகளுக்குப் பரவாத புற்றுநோய் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட 281 பேரைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு மரண அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனோம். சேரும்போது கையெழுத்து வாங்கிய தாளை எடுத்துக் காட்டினார்கள். "நாங்கள் எந்த நோய்க்கும் சிகிச்சை அளிப்பதில்லை" என்று அதில் இருந்தது. ரசீதுகளில் 'ஆரோக்கிய ஆலோசனை', 'சத்துப்பொருள்' என்று மட்டும். கரைத்துவிடுவோம் என்ற உறுதி எல்லாம் வாய்வார்த்தை. எங்கே போனாலும் கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளை முழுதாகப் படியுங்கள், என்ன சிகிச்சை, எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில்.

சித்திக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, பிறகு மார்பையும் அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள். ரேடியேஷன் முடிந்துவிட்டது, இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். நெறிகளை எடுத்ததால் கை வீங்குகிறது, பாரம் தூக்க முடிவதில்லை. இரண்டாம் ஸ்டேஜிலேயே செய்திருந்தால் இவ்வளவு எடுக்க வேண்டியிருந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். பக்கவிளைவுகளைப் பற்றி நாங்கள் பயந்ததில் பாதி நடக்கவில்லை, வாந்திக்கு நல்ல மருந்துகள் இருக்கின்றன. முடி கொட்டியது, வளர்ந்தும் விட்டது.

இப்போது இப்படி ஒரு இடத்தில் இருக்கிறீர்களா? திட்டுவார்களோ என்ற பயத்திலேயே பலர் பழைய டாக்டரிடம் திரும்பப் போவதில்லை. அவர் மீது நம்பிக்கை இல்லையென்றால் இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அங்கே வாங்கிய பாட்டில், பொடி, மாத்திரை எதையும் தூக்கிப் போடாமல் எடுத்துப் போங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாதிரியான சில மூலிகைகள் புற்றுநோய் மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும், சில பொடிகளில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். சித்தியின் டாக்டர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டு, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அந்த ரிசல்ட் வந்தபின் கீமோவுக்குத் தேதி கொடுத்தார்.