அப்பத்தாவை மாடி ஏற்றிய டெபாசிட்

அப்பா காரியம் முடிந்து, அவர் விட்டுப்போன கணக்கு வழக்குகளைப் பார்க்க சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் தங்கியிருந்துவிட்டு இப்போதுதான் லண்டன் திரும்பினேன். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, மின் இணைப்பு எல்லாம் சத்தமில்லாமல் முடிந்தன. பயந்துகொண்டே போன வாரிசுச் சான்றிதழ்கூட, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணை ஆகி, தாசில்தாரின் டிஜிட்டல் கையெழுத்தோடு வந்துவிட்டது. இங்கே லண்டனில் ப்ரொபேட், அதாவது இறந்தவர் சொத்தைக் கையாள நீதிமன்ற அனுமதி கேட்கும் மனுவுக்கே சில நூறு பவுண்டு. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரைத் தேடி அலைந்த காலம் மலையேறிவிட்டது.

மாட்டிக்கொண்டது ஒரே ஒரு ஃபிக்சட் டெபாசிட்டில்.

அதே வங்கியில் அப்பாவின் சேமிப்புக் கணக்குக்கு அம்மா நாமினி. இறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் கொடுத்ததோடு வேலை முடிந்தது. நாமினி என்பதாலேயே பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது, வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர்தான். ஆனால் வங்கிக்கு அது போதும். டெபாசிட் ரசீதிலோ நாமினி இடம் காலி. அப்படியென்றால் வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் மேனேஜர். அம்மா, நான், தங்கை மூவரும் எதிரேதான் உட்கார்ந்திருந்தோம்.

"நாலாவது ஆள் எங்க சார்?"

அப்பத்தா. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் தாயும் மனைவி மக்களோடு சேர்த்து முதல் வகுப்பு வாரிசு. தகப்பன் இரண்டாம் வகுப்புதான். தாத்தா இருந்திருந்தால் இதற்கே ஒரு பஞ்சாயத்துக் கூட்டியிருப்பார்.

தொண்ணூறைத் தாண்டிய அப்பத்தாவுக்குப் பணம் வேண்டாம். "புள்ளையே போயிட்டான், அவன் காசு எனக்கெதுக்கு? உங்க ஆத்தாகிட்டயே குடுங்கடா" என்றார். வேண்டாம் என்பதை முத்திரைத்தாளில் எழுதி, வங்கி அதிகாரி முன்னால் கைநாட்டு வைக்க வேண்டுமாம். வங்கி இருப்பது முதல் மாடியில், லிஃப்ட் கிடையாது. வீட்டுக்கு யாராவது வர முடியுமா என்று கேட்டதற்கு, "ஆள் பத்தல சார்" என்று பதில். லண்டனில் சக்கர நாற்காலி நுழையாத வங்கியைப் பார்த்துப் பல வருஷமாகிவிட்டதால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. தங்கைதான், "அண்ணே, சும்மா இரு" என்று கையைப் பிடித்து அமுக்கினாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் ஆட்டோக்காரரும் தூக்கினோம். படி திரும்புகிற இடத்தில் அப்பத்தா, "இறக்குங்கடா, போதும்" என்று சொல்லிவிட்டார். இறக்கி வைத்தோம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். மேலே போய்ச் சொன்னதும், உதவி மேலாளராக இருக்கும் சின்னப் பெண் கைரேகை மெஷினை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். ஆயுசுக்கும் நாற்று நட்டுக் களை பறித்த விரல், ரேகையெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. மெஷின் எந்த விரலையும் ஏற்கவில்லை. அந்தப் பெண் துப்பட்டாவால் அப்பத்தாவின் விரலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் நகைக்கடன் மதிப்பீட்டாளர் எட்டிப் பார்த்தார். உரைகல்லும் கையுமாக அந்தக் கிளையிலேயே தலை நரைத்தவர். "இது கீழத்தெரு ஆத்தால்ல? எனக்குத் தெரியும், நான் சாட்சிக் கையெழுத்துப் போடுறேன்" என்று பழைய மை பேடை எடுத்து வந்தார். படியில் உட்கார்ந்தே அந்தப் பெண் முழுக் கடிதத்தையும் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டி, "சம்மதமா பாட்டி?" என்று கேட்ட பிறகுதான் கைநாட்டு வாங்கினார். அதைப் பார்த்த பிறகு மேனேஜர் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதி இன்னும் இருக்கிறது.

இங்கிலாந்தில் 'டெல் அஸ் ஒன்ஸ்' என்று ஒரு சேவை உண்டு. இறப்பை ஒருமுறை சொன்னால் போதும், பென்ஷன், பாஸ்போர்ட், லைசென்ஸ் என்று பெரும்பாலான அரசுத் துறைகளுக்கு அவர்களே தெரிவித்துவிடுவார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று வராதா என்று ஏங்கியது உண்மைதான். ஆனால் அதே இங்கிலாந்துச் சட்டத்தில், உயில் இல்லாமல் இறந்தவருக்குப் பிள்ளைகள் இருந்தால் தாய்க்குச் சல்லிக்காசு கிடையாது. இங்கே அப்பத்தாவை யாரும் மாடி ஏற்றப்போவதில்லை, பங்கு கேட்டும் யாரும் வரப்போவதில்லை.

நிலப் பட்டா பாக்கி. தூதரகத்தில் கையெழுத்திட்டுத் தங்கைக்குப் பவர் அனுப்ப வேண்டும், அது இந்தியா போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அது தனிக் கதை.

டெபாசிட் பணம் அம்மா கணக்குக்கு வந்ததும் அங்கேயே புதிதாக ஒன்று போட்டோம். நாமினி படிவத்தை அந்தப் பெண்ணே முதலில் நீட்டினார். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை எழுதலாமாம். அம்மா என் பெயரையும் தங்கை பெயரையும் சொல்லிவிட்டு, "எங்க மாமியார் பேரையும் எழுதிக்கம்மா" என்றார். மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.